அல்சூரில் கண் மூடப் போன ஸ்டேஷன் மாஸ்டர்

1936 ஜனவரி 9, வியாழன். பகல் பன்னிரண்டு மணிக்கு ஜோலார்பேட்டையில் பெங்களூர் பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்தேன். கன்டோன்மென்ட் ஸ்டேஷன் அங்கிருந்து தொண்ணூறு மைலுக்குச் சற்றுக் குறைவு. ரயில்வேக்காரன் என்பதால் பாஸ் உண்டு. டிக்கெட்டுக்குச் செலவில்லை, பயத்துக்கும் குறைவில்லை.

பெங்களூருக்குப் போகிறவர்கள் குளிருக்காகவோ குதிரைப் பந்தயத்துக்காகவோ போவார்கள். நான் கண்ணை மூடி உட்காரக் கற்றுக்கொள்ளப் போனேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சேலம் போகும் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு நான் மாஸ்டர். நவம்பர் மாதத்தில் ஒரு மழை நாள் மாலை, என் பிளாட்பாரத்தில் பாசஞ்சர் வண்டி நின்றுகொண்டிருந்தபோது, பின்னால் வந்த கூட்ஸ் வண்டி ஈரத் தண்டவாளத்தில் பிரேக் பிடிக்காமல் வழுக்கிக் கைகாட்டியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு மாட்டு வண்டி நிற்கும் இடம் மிச்சமிருந்தபோது நின்றது. கடைசிப் பெட்டியில் ஒரு பெண் தன் பிள்ளைக்கு வேர்க்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விசாரணையில் யார் மேலும் தப்பில்லை என்று முடித்தார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு ஆரம்பித்தது. சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய், தண்டவாளம் பிரியும் பாயிண்ட் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். டூட்டியில் வேறு ஆள் இருந்தாலும் பார்ப்பேன். கை நடுங்க ஆரம்பித்தது. ரயில்வே டாக்டர் நரம்பு அடங்கப் புரோமைடு கொடுத்துப் பார்த்தார், பலிக்கவில்லை. பதினைந்து நாள் லீவு கொடுத்து, திரும்பி வந்ததும் பார்த்துவிட்டு இந்த வேலைக்கு லாயக்கா இல்லையா என்று எழுதுவதாகச் சொன்னார். லாயக்கில்லை என்று எழுதினால் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். வீட்டில் ஐந்து பேர்.

என் மனைவி ருக்மணிதான் வழி சொன்னாள். அவளுடைய சித்தப்பா மகள் சௌந்தரம் பெங்களூர் அல்சூரில் இருக்கிறாள். பிரசவத்தில் குழந்தை போன பிறகு பித்துப் பிடித்தாற்போல இருந்தவள், தியானம் பழகித் தேறினாள். இப்போது தெரிந்தவர்கள் நாலைந்து பேருக்குச் சொல்லியும் தருகிறாளாம். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவள். அவளிடம் போய்ப் பாடம் கேட்பதா என்று எனக்குக் கூச்சம்தான். டாக்டரை நினைத்துக்கொண்டேன், கூச்சம் போய்விட்டது.

குப்பம் தாண்டியதும் மேடு. எஞ்சின் மூச்சிரைத்தது. பௌரிங்பேட்டையில் தங்கவயல் போகிறவர்கள் இறங்கினார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கைகாட்டி இறங்கியிருக்கிறதா என்று பார்த்தபடி வந்தேன். எதிரே இருந்த ஜவுளி வியாபாரி, யாரையாவது எதிர்பார்க்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

மாலை ஆறு மணிக்குக் கன்டோன்மென்ட். இறங்கியதும் குளிர் காதைக் கடித்தது. ஜட்கா வண்டிக்காரர் அல்சூர் ஏரி வரைக்கும் ஆறணா கேட்டார். இரண்டு மைலுக்கு ஆறணாவா என்றேன். “மேடு பள்ளம் சாமி. நாலணா குடுங்க, குதிரை கோச்சுக்காது, நான்தான் கோச்சுக்குவேன்” என்றார். ஏறி உட்கார்ந்தேன். வழியில் என்ன விஷயமாக வந்தேன் என்று விசாரித்தார். உடம்புக்கு என்றேன். “இந்த ஊர்த் தண்ணிக்கு எல்லாம் சரியாப் போயிடும்” என்று தைரியம் சொன்னார்.

ஜனவரி 10, வெள்ளி. காலை ஐந்தரை. சௌந்தரத்தின் கணவர் தேவராஜன் அட்டாரா கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. மூன்று தலைமுறையாக மைசூர் சமஸ்தானத்து உத்தியோகம். வீட்டுக்குள் தமிழ் பேசுவார்கள், கோபம் வந்தால் கன்னடத்துக்குத் தாவுவார்கள். கூடத்தில் பாய் விரித்திருந்தது. பட்டாளத்துக் கணக்கு ஆபீஸில் பென்ஷன் வாங்கிய ஒருவரும் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவரும் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள். ஏரிப் பக்கத்திலிருந்து பனி உள்ளே வந்துகொண்டிருந்தது.

சௌந்தரம் மெதுவாக, “கண்ணை மூடிக்குங்க” என்றாள். “கண்ணை மூடிக்கொள்கிறேன்” என்றேன். “மூச்சு வர்றதையும் போறதையும் கவனிங்க” என்றாள். “மூச்சு வருவதையும் போவதையும் கவனிக்கிறேன்” என்றேன் உரக்க. பென்ஷன்காரர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

எங்கள் வேலையில் அடுத்த ஸ்டேஷன்காரன் டெலிபோனில் என்ன சொன்னாலும் வார்த்தைக்கு வார்த்தை திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் வண்டி நகராது. அப்படிக் கேட்டு ஒரு வண்டியை உள்ளே விட்டு அனுப்புவதை வண்டி வாங்குவது என்போம். இருபது வருஷத்துப் பழக்கம் என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

“அத்தான், இது ஆர்டர் இல்லை. திருப்பிச் சொல்ல வேணாம்” என்றாள் அவள். அவள் சிரிக்கவில்லை, அதற்காக இன்றைக்கும் அவளுக்கு நன்றி சொல்கிறேன்.

திருப்பிச் சொல்வதை நிறுத்தினேன். கண்ணைத்தான் மூட முடியவில்லை. உட்கார்ந்தபடி கண்ணை மூடுவது எங்கள் உத்தியோகத்தில் சீட்டுக் கிழிகிற குற்றம். இமை சேர்ந்ததும் யாரோ இன்ஸ்பெக்டர் வாசலில் நிற்பதுபோல் உடம்பு தூக்கிவாரிப் போடும். அதையும் மீறிச் சற்றுத் தாக்குப் பிடித்தேன். அதற்குள் கன்டோன்மென்ட் பக்கத்திலிருந்து காலை மெயிலின் விசில் கேட்டது. அடுத்த நிமிஷம் நான் தெருவில் நின்றுகொண்டிருந்தேன், கொடி பிடிக்கிற வலது கையை உயர்த்திக்கொண்டு. எதிர் வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் கோலப்பொடியோடு உள்ளே ஓடிவிட்டாள்.

நாலு நாள் இப்படியே போயிற்று. பகலில் ஊர் சுற்றினேன். பழைய சந்தையில் ருக்மணிக்கு ஒன்றேகால் ரூபாய்க்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கினேன். தெருக்களில் தமிழும் கன்னடமும் துருக்கர் பாஷையும் கலந்து கேட்டன, அதுவும் நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் கால்கள் கடைசியில் தண்டவாளத்தின் பக்கமே என்னைக் கொண்டுபோய் விட்டன. அங்கே நின்று கைகாட்டியைப் பார்த்துவிட்டு வந்தால்தான் மத்தியானச் சோறு இறங்கியது.

ஜனவரி 15, புதன். பொங்கலுக்கு மறுநாள். அன்றுதான் அது நடந்தது. மூச்சு வந்தது, போனது. பனியின் வாடை மூக்கில் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை, தூக்கமும் இல்லை. கண் திறந்தபோது கூடத்தில் வெயில் விழுந்திருந்தது. பென்ஷன்காரர் காபி குடித்துக்கொண்டிருந்தார். மெயில் இன்னும் வரவில்லையா என்று கேட்டேன். அது போய் அரை மணியாகிறதே, ஊரே அதிர்கிற மாதிரி ஊதினானே என்றார்.

எனக்குக் கேட்கவில்லை. இரண்டு மாதமாக இல்லாத அமைதி அந்தக் காலையில் எனக்குக் கிடைத்தது. அது என்னை நடுங்க வைத்த அளவுக்கு அந்தக் கூட்ஸ் வண்டிகூட நடுங்க வைக்கவில்லை. என் ஸ்டேஷனில் இப்படிக் கேட்காமல் போனால் என்ன ஆகும்? பயம் இருந்ததால்தானே நான் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன்? பயத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் பாசஞ்சர் வண்டிக்குக் காவல் யார்? அறைக்குள் போய்ப் பெட்டியை எடுத்து வேட்டிகளைத் திணித்தேன்.

சௌந்தரம் வாசற்படியில் வந்து நின்றாள். இந்த நிம்மதி ஆளைக் கொல்லும், எனக்கு வேண்டாம் என்றேன். வேறு குருவாக இருந்தால் ஏதாவது தத்துவம் சொல்லியிருப்பார்.

“எனக்குத் தெரியலை அத்தான். நான் கண்ணை மூடி உட்கார்ந்தா அடுப்புல பால் பொங்கி வழியும், அவ்வளவுதான். உங்க வேலைக்கு இது ஆகுமான்னு அடிச்சுச் சொல்ல எனக்குத் தைரியமில்லை” என்றாள். பிறகு, ஊருக்குப் போவதற்கு முன்னால் அதை ரயில் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துவிடலாமே என்றாள். அவள் முகத்திலும் பயம் இருந்ததைக் கண்டேன். அதனால்தான் சம்மதித்தேன்.

ஜனவரி 16, வியாழன். காலை ஐந்தேமுக்கால். தேவராஜனும் கம்பளிக் குல்லாயோடு கூட வந்தார். பிளாட்பாரம் டிக்கெட் ஆளுக்கு ஓரணா. சுவரோரத்து பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். ராணுவ மூட்டைகளைத் தள்ளிக்கொண்டு போன போர்ட்டர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். கண்ணை மூடினேன். மூச்சைப் பிடிக்கப் பார்த்தேன், அது பிடி கொடுக்கவில்லை.

கைகாட்டிக் கம்பி இழுபடும் சத்தம் முதலில் வந்தது. அது எனக்குக் கேட்டது. பிறகு மணி அடித்தார்கள். என்னை அறியாமல் பாதி எழுந்துவிட்டேன். அந்தப் பழைய நவம்பர் மழை கிளம்பி வந்தது. சௌந்தரம் என் கையைப் பிடிக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

“இந்த வண்டியை வாங்கிக்க ஆள் இருக்காங்களா, அத்தான்?”

கண்ணைத் திறந்தேன். பிளாட்பாரத்தின் நடுவில் ஸ்டேஷன் மாஸ்டர் நின்றிருந்தார். பெரிய மீசை, வெள்ளைக் கோட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டி வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருக்கார்” என்றேன்.

“அப்போ உட்காருங்க.”

உட்கார்ந்தேன். மெயில் என் மேலேயே ஏறுகிறாற்போல் வந்து நின்றது. பயந்துதான் போனேன், பொய் சொல்வானேன். ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. அது அவருடைய வண்டி. நேற்று எனக்குக் கேட்காமல் போன மெயிலையும் அவரோ அவரைப் போல் ஒருவரோ வாங்கித்தான் அனுப்பியிருக்கிறார். இரண்டு மாதமாக இந்தத் தேசத்தில் ஓடுகிற வண்டிகளையெல்லாம் நான் ஒருவனே வாங்கிக்கொண்டிருந்தேன் என்பது அந்த பெஞ்சில்தான் எனக்கு விளங்கியது. அழுகை வந்துவிட்டது. தேவராஜன் குல்லாயைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

அப்புறம் தினமும் அந்த பெஞ்சுதான் எனக்குக் கூடம்.

ஜனவரி 23, வியாழன். பிற்பகல் புறப்பட்டேன். பயம் என்னோடு அதே பெட்டியில்தான் ஏறியது. இருட்டுவதற்குச் சற்று முன்னால், பெயர் சொல்ல வேண்டாத ஒரு சின்ன ஸ்டேஷனில் எதிர் வண்டிக்காக நின்றோம். அந்த ஸ்டேஷன் மாஸ்டர் என் ஜன்னலுக்கு நேரே பச்சைக் கொடியோடு நின்றார். காற்றே இல்லை, ஆனால் கொடி ஆடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், எதிர்ப்பக்கக் கைகாட்டியைப் பார்ப்பார், தண்டவாளத்தைப் பார்ப்பார், மறுபடியும் கைகாட்டி. என்ன இது, என்னைப் போலவே ஒருவன் என்று தோன்றியது. இறங்கிப் போய்ப் பாயிண்டைப் பார்த்துவிட்டு வரக் கால் துடித்தது. அவருக்குத் தலையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். எதிர் வண்டி கடந்து போய் எங்கள் வண்டி நகர்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் டாக்டர் இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார். விரல்கள் கொஞ்சம் ஆடத்தான் செய்தன. இன்னும் பயமிருக்கிறதா என்று கேட்டார்.

“இருக்கு சார். முன்னே ரயில்வே முழுக்க இருந்தது. இப்போ என் ஸ்டேஷன் அளவுக்குத்தான் இருக்கு” என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார். அன்று மாலை வண்டியை நான்தான் வாங்கினேன்.