மெதுவாகப் பேசச் சொன்னது நான்தான்

இன்று நமுனுகுல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெண்களைக் கூட்டி மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேசினேன். "கட்டி தெரிஞ்சா வெக்கப்படாம சொல்லுங்க" என்று பலமுறை சொன்னேன்.

திரும்பும் பஸ்ஸில், அந்தக் கூட்டத்தில் இருந்த ஓர் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மிஸ், எனக்கு மாருல ஒரு கட்டி இருக்கு. வலி இல்ல."

முன்சீட்டு ஆண்கள் திரும்பினார்கள்.

"மெதுவா பேசுங்கக்கா" என்றேன்.

அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பதுளையில் இறங்கியதும், "மன்னிச்சிருங்க. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

"டாக்டர்கிட்டயும் மெதுவாத்தான் சொல்லணுமா மிஸ்?"

அப்படிக் கேட்டாலும், கூடவே வந்தார்.

வியாழக்கிழமை ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நானும் போகிறேன்.

வெட்கத்தை விடுவது எப்படி என்று எனக்கு யாராவது வகுப்பெடுங்களேன்.