எங்கள் வீட்டு பெம்பர்டன்

என் அப்பாவின் பெயர் பெம்பர்டன். ஆளோ அசல் சென்னைத் தமிழர். கிண்டியில் ரேஸ் குதிரை லாயத்தில் வேலை பார்த்த தாத்தா, தான் தேய்த்துக் குளிப்பாட்டிய குதிரையில் ஏறிக் கோப்பை வென்ற வெள்ளைக்கார சாம்பியன் ஜாக்கியின் பெயரை மகனுக்கு வைத்துவிட்டார். அது அந்த ஜாக்கியின் குடும்பப் பெயர் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டார்.

டெக்சாஸில் நாங்கள் குடியிருந்த ஆலன் ஊர் சர்ச் சபையாரிடம் அப்பா அதை மிஷனரி பெயர் என்றே சொல்லிவைத்திருந்தார். “லாயத்துக் கதைய வெளியில மூச்சு விடக்கூடாது, மானம் போயிடும்” என்று வீட்டில் கண்டிப்பு. குதிரைப் பந்தயம் பாவம் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லித்தந்தார்கள். பாவம் செய்தால் போலீஸ் பிடிக்கும் என்பது ஏழு வயதில் நானாகச் சேர்த்துக்கொண்டது.

2004இல் ஒருநாள், வழக்கமாக வரும் அப்பாவுக்கு மீட்டிங். என்னைக் கூட்டிப்போக அம்மா வந்தாள். பள்ளி அலுவலகத்தில் அவள் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள். நம் வழக்கப்படி என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர்; அம்மா பெயருக்குப் பின்னால் அவள் அப்பா ஞானமுத்துவின் பெயர். பெம்பர்டன் வீட்டுக் குழந்தையை ஞானமுத்து ஏன் கூட்டிப்போக வேண்டும் என்று அங்கிருந்த அம்மையாருக்கு விளங்கவில்லை. அப்பா போனை எடுக்கவில்லை. பள்ளியின் போலீஸ்காரர் வந்து நின்றார்.

இது என் அம்மா என்றேன். அவர் தலையாட்டினார், நகரவில்லை. கணவர் வெள்ளைக்காரரா என்று அம்மாவைக் கேட்டார். இல்லை, அது மிஷனரி பெயர் என்றாள். எந்த மிஷனரி, எந்தச் சபை என்றார். அதற்கு மேல் அப்பா அவளுக்குச் சொல்லித்தந்திருக்கவில்லை. என்னைப் பிடித்து வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று பயந்து செத்தேன்.

“பயப்படாதடி” என்று என்னிடம் சொல்லிவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்: லாயம், குதிரை, ஜாக்கி, கோப்பை. போச்சு, இனி எங்களை ஊருக்கே அனுப்பிவிடுவார்கள் என்று ஓவென்று அழுது அவள் துப்பட்டாவுக்குள் புகுந்துகொண்டேன். போலீஸ்காரரோ சிரித்தார். தன் வீட்டிலும் குதிரை உண்டு என்றார். அம்மாவைக் கட்டிக்கொண்டு நான் அழுவதைப் பார்த்து, கூட்டிப்போகலாம் என்றார்.

சாயங்காலம் அப்பா பதறிக்கொண்டு வந்தார். “பேரைப் பத்திக் கேட்டாங்களா? என்ன சொன்ன?”

“மிஷனரி பேருன்னுதாங்க சொன்னேன். உடனே விட்டுட்டாங்க” என்றாள் அம்மா, தோசையைத் திருப்பியபடி.

அப்பாவின் முகம் தெளிந்தது. அம்மா அவரை நிமிர்ந்து பார்க்காமலே அடுத்த தோசைக்கு மாவை ஊற்றினாள்.

போலீஸ்காரரிடம் உண்மையைச் சொன்னவள் அப்பாவிடம் ஏன் பொய் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. போலீஸைவிடப் பெரிய பயம் உலகத்தில் கிடையாது என்றுதான் அன்று நினைத்திருந்தேன்.