ராவிய பிரேக்

பவுல்துரைக்கு அடுத்தவன் செய்த வேலையைப் பார்த்தால் துப்பத் தோன்றும். தோன்றுவதோடு நிற்காது, துப்பியும் விடுவார். ஆரணியில் பூவேலைக்கு இழை தூக்கும் ஜக்கார்டு பெட்டி வைத்த பட்டுத்தறி எது நின்றுபோனாலும் அவருக்குத்தான் போன் வரும். போனதும் முதல் காரியமாக, முன்னால் கை வைத்தவன் கட்டிவிட்டுப் போன கம்பியை இரண்டு விரலால் தூக்கிப் பார்ப்பார், செத்த எலியின் வாலைப் பிடித்ததுபோல் முகம் சுளிப்பார், வாசல் பக்கம் திரும்பி "த்தூ" என்பார். அதற்கப்புறம்தான் பையைத் திறப்பது.

இவர் வேலை மட்டும் என்ன, அளவுகோல் வைத்துச் செய்கிற வேலையா? ஊரில் ஒவ்வொரு தறியும் ஒவ்வொரு ஆசாரி அடித்தது. ஒன்றின் சாமான் இன்னொன்றில் உட்காராது. உட்கார வைப்பதுதான் தறி பழுது பார்க்கும் பிட்டரின் சாமர்த்தியம். அரத்தால் ராவுவார், ஆப்பு அடிப்பார், இடுக்கில் தகரத் துண்டைச் சொருகுவார். இருபத்தெட்டு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. "எதுவா இருந்தாலும் சேர வெச்சிடலாம்" என்று சொல்லிக்கொண்டே அரத்தை எடுப்பார்.

அவர் மனைவி ரோஸி அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கல்லூரியில் மாவட்டப் போட்டிக்கு ஓட்டிய பழைய ரேஸ் சைக்கிளை இன்னும் விடவில்லை. இந்த வருஷம் ஆசிரியர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் பக்கம் சைக்கிளில் இறங்குவதாகத் திட்டம். வளைவுக்கு வளைவு சரிவு. அங்கே பிரேக் பிடிக்கவில்லையென்றால் ஆளே மிஞ்சாது. அந்தச் சைக்கிளின் இருபத்தேழு அங்குல டயர் தேடியும் கிடைக்கவில்லை. அதனால் இப்போது விற்கும் எழுநூறு நம்பர் சக்கரம் மாற்றினார்கள். அது துளி சின்னது. ரிம் நாலு மில்லிமீட்டர் கீழே இறங்கிவிட்டது. பழைய பிரேக்கின் கட்டை ரிம்மைப் பிடிக்காமல் டயரைக் கடித்தது.

ரோஸி பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து, பிரேக் மாட்டும் துளையிலிருந்து ரிம்மின் நடுப்பட்டை வரை அளந்தாள். ஐம்பத்து மூன்று மில்லிமீட்டர். அந்த நீளத்துக்குத் தன் இரும்புக் கை எட்டுகிற பிரேக்தான் வேண்டும் என்று சீட்டில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தாள். வேலூரில் கடைக்காரர் என்ன ரீச், எவ்வளவு எட்ட வேண்டும் என்று கேட்டபோது பவுல்துரை சீட்டை எடுக்கவேயில்லை. பிரேக் வாங்க இவ்வளவு விசாரணையா என்று கடுப்பு. பளபளவென்று கண்ணாடி அலமாரியில் இருந்ததைக் காட்டினார், வாங்கினார், பஸ் ஏறினார்.

வீட்டில் மாட்டிப் பார்த்தால், கட்டையை எவ்வளவு இறக்கினாலும் நாற்பத்தொன்பதோடு நின்றது. நாலு மில்லிமீட்டர். பவுல்துரைக்கு நாலு மில்லிமீட்டரெல்லாம் ஒரு கணக்கா? முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் கழற்றி, கட்டை நகரும் நீளத் துளையின் அடியை அரத்தால் ராவினார். அடியில் மிச்சம் நின்றது நகக்கனம். ராவிய இடம் வெள்ளையாகப் பல்லிளித்தது. அதில் கறுப்புப் பெயிண்ட் அடித்தார். தறியில் ராவிய எதற்கும் அவர் பெயிண்ட் அடித்ததில்லை. ஏன் அடித்தோம் என்று கேட்டுக்கொள்ளவுமில்லை.

"ஏங்க, அம்பத்தி மூணு வருதா?" என்று உள்ளேயிருந்து ரோஸி கேட்டாள்.

"வருது வருது."

மலைக்குக் கிளம்ப ஒரே நாள் இருந்தபோது சுப்பன் போன் பண்ணினார். போன மாதம் பவுல்துரை சரிசெய்து கொடுத்த தறி அவருடையது. போய்ப் பார்த்தால், முந்தானையில் வரிசையாக மயில்கள்; ஒன்றுக்கும் தலையில்லை. பெட்டிக்குள் ஒரு வரிசை இழையைத் தூக்கும் இரும்புக் கொக்கி தெறித்துப்போய், தலைக்குரிய இழைகள் எழும்பாமலே நெசவு ஓடியிருக்கிறது. பவுல்துரை வழக்கம்போல் உடைந்த துண்டை இரண்டு விரலால் தூக்கி, முகம் சுளித்து, வாசல் பக்கம் திரும்பினார். அப்போதுதான் கண்ணில் பட்டது. அது அவர் ராவிய கொக்கி. ராவிய இடத்திலேயே, மெலிந்து, முறிந்திருந்தது.

சீ, என்ன பிழைப்பு! ஊரான் வேலையைப் பார்த்துத் துப்புகிறவர் கையில் உடைந்த துண்டோடு தறியோரமே உட்கார்ந்துவிட்டார். சுப்பன் நல்ல மனுஷன், அவரைத் தேற்றினார்.

"பொடவதானண்ணா, விடு. ஆளுக்கா அடி பட்டுச்சி?"

பவுல்துரைக்கு வீட்டில் நிற்கும் சைக்கிள் பிரேக் ஞாபகம் வந்தது. பையைக்கூட எடுக்காமல் வண்டியைக் கிளப்பினார்.

வீட்டு வாசலில் ரோஸி சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். பவுல்துரை நேரே போய் முன் பிரேக் லீவரைப் பிடித்து, பலம் கொண்ட மட்டும் ஒரு அழுத்து அழுத்தினார். 'டக்' என்றது. கறுப்புப் பெயிண்ட் உரிந்து, துளையின் அடி பிளந்து, கட்டை கழன்று அவள் காலடியில் விழுந்தது. நின்றிருந்த சைக்கிளிலேயே இப்படி.

"ரோஸி, அம்பத்தி மூணு வரல. ராவி வுட்டேன். சுப்பன் தறியில ராவுனது இன்னிக்கி முறிஞ்சி கெடக்குது."

அவள் குனிந்து கட்டையை எடுத்தாள். பெயிண்ட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூட அவருக்குத் தேவலை என்றிருக்கும்.

"நான் கேட்டேனே. பெயின்ட் அடிச்சி மறச்சிட்டு வருதுன்னீங்களே." கட்டையை அவர் கையில் வைத்தாள். "சுப்பன் போன் பண்ணலன்னா என்னை அந்த எறக்கத்துல வுட்டிருப்பீங்க, இல்ல?"

இல்லை என்று எப்படிச் சொல்வது? விட்டிருப்பார், வேறென்ன? தண்ணீர் பாட்டிலும் நிரப்பிக் கொடுத்து, கையாட்டி அனுப்பியிருப்பார்.

மலைக்கு வரவில்லை என்று தலைமையாசிரியைக்குப் போனில் சொல்லிக்கொண்டே ரோஸி உள்ளே போனாள். அவர் சட்டைப் பையில் அந்தச் சீட்டு வேர்வையில் நனைந்து இன்னும் இருந்தது. முறிந்த பிரேக்கைக் கழற்றி இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார் பவுல்துரை. பழக்கதோஷத்தில் வாயில் எச்சில் ஊறியது. தெருப்பக்கம் திரும்பினார், துப்பவில்லை, விழுங்கினார்.