தூணடியில் நீலம்

“இடிச்சிடலாம்னு ரிப்போர்ட்ல எழுதிடுங்க மேடம்” என்றார் எங்கள் கட்டட ஆலோசனை அலுவலகத்தின் முதலாளி. என் கணினித் திரையில் வைத்திக்குப்பத்து மீன் விற்கும் கொட்டகையின் மாடல். கணக்குப் போடுவதற்காக அதை மெஷ் என்று சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்திருந்தோம். கான்கிரீட் கூரை, வரிசையாகத் தூண்கள். உத்திரமும் தூணும் சேரும் மூலைகளெல்லாம் சிவப்பு. எங்கள் தொழிலில் சிவப்பு என்றால் அங்கே ஸ்ட்ரெஸ், அதாவது பாரத்தால் வரும் அழுத்தம், அதிகம். நீலம் என்றால் குறைவு.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “கலரைப் பாத்து இடிக்க இது என்ன சிக்னலா சார்? கூர்மூலையில மெஷ்ஷ பொடியாக்க ஆக்க நம்பர் ஏறிக்கிட்டேதான் போகும். அது கணக்கோட குணம், கட்டடத்தோட குணம் இல்ல.”

“அப்ப நல்லா இருக்குன்னு எழுதித் தர்றீங்களா? விழுந்தா?”

“நேர்ல பாத்துட்டு எழுதறேன்” என்றேன். அவர் சொன்னது தப்பென்று காட்டியே தீர வேண்டும் என்ற வீம்புடன்தான் போனேன்.

கொட்டகையில் வியாபாரம் சூடாக நடந்துகொண்டிருந்தது. அங்கே பல வருடமாக மீன் விற்கும் அஞ்சலை அக்கா என் அளவு டேப்பைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

“இன்னாம்மா, இடிக்கத்தான அளவு எடுக்கற? வெய்யில்ல குந்திகினு வித்தா மத்தியானத்துக்குள்ள மீனு நாறிப்பூடும். எங்க பொழப்ப யாரு பாப்பா?”

“இடிக்க விடமாட்டேன்க்கா.”

ஏணி வைத்து ஏறி, மூலைமூலையாகச் சுத்தியலால் தட்டினேன். ணங்கென்று கெட்டிச் சத்தம். விரிசல் ஒன்றுகூட இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று இறங்கினேன்.

அப்போது அஞ்சலை அக்கா ஐஸ் பெட்டியைச் சாய்த்து, உப்புத் தண்ணீரைத் தூணடியில் ஊற்றினார். அங்கே அதுதான் வழக்கமாம். நடுவில் ஊற்றினால் பக்கத்து மீன்காரம்மாவின் இடத்துக்கு ஓடி, சண்டை வந்துவிடும். அதனால் அவரவர் தண்ணீர் அவரவர் தூணுக்கு.

குனிந்து தூணடியைத் தட்டினேன். பொத்தென்றது. பூச்சு பாளமாகக் கையோடு வந்தது. உள்ளே கம்பி துருவேறிப் பாதியாக இளைத்திருந்தது. அடுத்த தூணும் அப்படித்தான். திரையில் அந்த இடமெல்லாம் குளுகுளு நீலம். வரைபடத்தில் இருந்த முழுக் கம்பியைத்தான் மாடலுக்குக் கொடுத்திருந்தோம், அதுவும் நம்பிவிட்டது.

“எல்லாரும் உடனே வெளிய வாங்க!”

“இவளும் இடிக்கிற கட்சிதான்டி!” என்று அஞ்சலை அக்கா ஊரே கேட்கக் கத்தினார். திட்டட்டும் என்று அன்றே கூரைக்கு இரும்பு முட்டு கொடுக்க வைத்தேன்.

“நான்தான் சொன்னேனே” என்றார் முதலாளி.

“நீங்க காட்டுன எடத்துல கோளாறே இல்ல சார். தூணடிதான் போயிருக்கு. சுத்தி கம்பி கட்டி கான்கிரீட் போட்டு ஜாக்கெட் பண்ணிடலாம். முடிஞ்சதும் கூரை மேல மணல் மூட்டை ஏத்திப் பாப்போம். தாங்கலன்னா இடிக்கச் சொல்லி நானே கையெழுத்துப் போடறேன்.”

இளைத்த கம்பியின் அளவைக் கொடுத்து மாடலை மறுபடி ஓட்டி, எந்தத் தூணை முதலில் தொடுவது என்று முடிவு செய்தேன். தூண் தூணாக வேலை நடந்தது. மூட்டைகளை ஏற்றிய நாளில் எல்லோரும் தள்ளி நின்று பார்த்தார்கள். கூரை கணக்கில் வந்த அளவுக்குத்தான் தாழ்ந்தது. இறக்கியதும் பழையபடி எழுந்தது. அஞ்சலை அக்கா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை வியாபாரம் தொடங்கியது. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புதுத் தூணருகே வந்த அஞ்சலை அக்கா என்னைப் பார்த்தார்.

“அதெல்லாம் சரிம்மா. தண்ணிய எங்க ஊத்துறது?”

என் அறிக்கையில் கம்பி இருந்தது, கான்கிரீட் இருந்தது. அந்தத் தண்ணீருக்கு ஒரு வரி இல்லை. நடுவில் வாய்க்கால் வெட்டி முடிக்கும்வரை நான் வேறு வேலை தொடவில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மெஷ் போடுவதற்கு முன்னால் அந்த இடத்துக்குப் போங்கள். அங்கே இருப்பவர்களிடம், தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள் என்று கேளுங்கள்.