சீனிச்சாமி ஊற்றிய தண்ணீர்

சீனிச்சாமிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று, தண்ணீர். சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற வேலை அவருக்கு. அங்கே தலை சுற்றினாலும் குமட்டினாலும் ஃபோர்மேன் முதலில் நீட்டுவது தண்ணீர்ச் செம்பைத்தான். மயங்கி விழுந்தவர்கள் குடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். பார்த்ததை நம்பாமல் வேறு எதை நம்புவது?

மனைவி பொன்மணிக்கு எம்.எஸ். என்கிற நரம்பு நோய். கால் தளர்ந்து, சுவரைப் பிடித்துத்தான் நடப்பாள். வெயில் ஏறினால் அதுவும் முடியாது. "உடம்பு சூடாகாமப் பாத்துக்கோங்க" என்று மதுரை டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். நம்ம ஆளுக்கு அது போதாதா? வேலைக்குப் போகும் முன்னாலும் வந்த பின்னாலும் பக்கத்தில் உட்கார்ந்து செம்பு செம்பாகக் குடிக்க வைத்தார். செம்பு காலியானதும் எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

கத்திரி வெயிலில் அவளுக்குத் தலை வலித்தது. சூடு என்று சொல்லி இன்னொரு செம்பு கொடுத்தார். வாந்தி எடுத்தாள். "ஒழுங்கா முழுங்கு புள்ள" என்று வைதார். மறுநாள் பெற்ற மகளின் பெயரே அவள் வாயில் வரவில்லை. நோய் முற்றிவிட்டது என்று பதறி, அதற்கும் தண்ணீரே கொடுத்தார். அன்று மதியம் வலிப்பு வந்துவிட்டது.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்த டாக்டர் விளக்கினார். "இந்த நோய் மூளையில ஒரு இடத்தத் தொட்டிருக்கு. உடம்புல தண்ணிய நிறுத்தி வைக்கிற ஹார்மோன் அளவுக்கு மேல சுரக்குது. குடிச்சது வெளியேறல. ரத்தத்துல உப்பு ரொம்ப இறங்கிப் போச்சு. மெதுவாத்தான் ஏத்தணும், அவசரப்பட்டா மூளைக்கே ஆபத்து."

"அக்கா தண்ணி நெறையக் குடிப்பாகளாண்ணே?" என்று கேட்டாள் நர்ஸ் பெர்சிஸ்.

"நாந்தாம்மா குடுத்தேன்" என்றார். கட்டினவளைத் தன் கையாலேயே கொல்லப் பார்த்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். அவள் பிழைப்பாளா என்று கேட்கக்கூட வாய் கூசியது. சோறு தண்ணியில்லாமல் வராந்தாவிலேயே கிடந்தார்.

உப்பு மெல்ல மெல்ல ஏறியது. பொன்மணி கண் திறந்து, மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பெர்சிஸ் வந்து சொன்ன பிறகும் உள்ளே போகச் சீனிச்சாமிக்குக் கால் வரவில்லை. ஒருவழியாகப் போய்க் கட்டிலோரம் நின்றார்.

"என்னய மன்னிச்சிரு புள்ள. ஒன்னய இந்தக் கதிக்கு ஆளாக்குனது நாந்தான். குடிக்க முடியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"முடியலதாங்க" என்றாள் பொன்மணி. "ஆனா, அந்தச் செம்பு காலியாகுற வரைக்குந்தான நீங்க எம் பக்கத்துல உக்காந்திருப்பீக."

சீனிச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். அவர் மன்னிப்புக் கேட்டது தண்ணீருக்கு மட்டும்தான்.