தெருமுனையில் நிற்கும் வண்டி

எங்கள் தெருவில் நாற்பத்திரண்டு வீடுகள். சங்கம் வருவதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவருக்கும் என் பெயர் தெரியாது; அதில் இருவருக்கும் வருத்தமும் இல்லை. எல்லோரையும் அறிந்த ஒரே ஆள் தெருமுனை இஸ்திரிக்காரர்தான். யாருக்கு வேலை போயிற்று, யாருக்குத் தொப்பை விழுந்தது எல்லாம் துணி மூட்டையைப் பிரித்தாலே தெரிந்துகொள்வார். ஆனால் மூச்சு விடமாட்டார். நானாக இருந்தால் ஒரு நாள்கூடத் தாங்கியிருக்க மாட்டேன்.

பதினேழு வருஷமாக அதே முனையில் அதே தள்ளுவண்டி. அவர் தேய்ப்பார், மனைவி மடிப்பார். குடியிருப்பது என்னவோ இரண்டு தெரு தள்ளி. ஆனால் அந்த முனை போனால் நாற்பத்திரண்டு வீடும் போச்சு, பிழைப்பும் போச்சு.

சாக்கடை அடைத்துக்கொண்டு ஊரே நாறியபோதுதான் சங்கம் பிறந்தது. முனை வீட்டில், வாசலில் உறை போட்ட பழைய காரோடு இருக்கும் ஓய்வுபெற்ற மேலாளர், "நாம ஒண்ணு சேரணும்" என்று கதவு கதவாகத் தட்டினார். எவன் திறந்தான்? ஏதோ விற்க வந்தவர் என்று நினைத்து நானும்தான் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் இஸ்திரிக்காரரும் அவரோடு நடந்தார். எல்லாக் கதவும் திறந்தன. மேலாளர் செயலாளர் ஆனார்.

சாக்கடை சரியானதும் அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். போகவில்லை. பலகை வந்தது, முத்திரை வந்தது, வாயைத் திறந்தால் "நம்ம தெரு" வந்தது. அடுத்த தெருக்காரன் எங்கள் பக்கம் நடந்தாலே எனக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது. செயலாளருக்கு அது முற்றிவிட்டது. நம்ம தெருவில் நம்ம ஆள் இல்லாதவர் யார் என்று தேடினார். இஸ்திரிக்காரர் கண்ணில் பட்டார்.

முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சம். காகிதத்தில்கூட 'இஸ்திரி' என்று எழுதக் கை வரவில்லை. "தெருமுனையில் பல வருடங்களாக இடத்தை அடைத்து நிற்கும் வண்டியை அகற்ற வேண்டும்" என்று நாகரிகமாகத் தீர்மானம் எழுதினார். வீடு வீடாகக் கையெழுத்து வாங்க வேண்டுமே? அவர் தட்டினால் இப்போதும் கதவு திறக்காது. உறையில் போட்டு இஸ்திரிக்காரர் கையிலேயே கொடுத்தார். நெஞ்சழுத்தத்தைப் பாருங்கள்.

இஸ்திரிக்காரர் எடுத்துப் படித்தார். மனைவியும் படித்தார்.

"உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்களா? அதைத் தூக்கி அடுப்புல போடுங்க."

"நம்பிக் குடுத்திருக்காரு. குடுத்ததைக் கொண்டு சேக்கறதுதானே நம்ம பொழப்பு."

போன வீட்டில் எல்லாம் ஆசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். நான் படித்துப் பார்த்து, போட்ட கையெழுத்துக்குக் கீழே இரண்டு கோடும் இழுத்தேன். "இதை எப்பவோ செஞ்சிருக்கணும் அண்ணே" என்றேன். மனிதர் முகம் செத்துவிட்டது. வெயில்தான் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்த மடையன் நான்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கூட்டம். செயலாளர் தீர்மானத்தைப் படித்ததும் கைதட்டல் அடங்கவில்லை. எங்கள் தெருப் பல் டாக்டர் எழுந்தார்.

"செயலாளர்னா இப்படி இருக்கணும். தன் காரைத் தூக்கச் சொல்லித் தானே தீர்மானம் போட எத்தனை பேருக்கு மனசு வரும்?"

எட்டு வருஷமாக ஓடாத கார் அது. நாலு டயரும் தரையோடு தரை, உள்ளே பூனை மூன்று முறை குட்டி போட்டுவிட்டது. அதில் உரசி உரசி என் ஸ்கூட்டருக்கு ஒரு பக்கம் பெயிண்டே இல்லை. முனையில் நிற்கும் வண்டி என்றதும் அத்தனை பேரும் அதைத்தான் நினைத்தோம். செயலாளர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது.

டீச்சரம்மாவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. "சார், நீங்க காரைத்தானே சொன்னீங்க?"

 செயலாளர் கண், கையெழுத்துத் தாளைக் கொண்டு வந்து மாடிப்படி ஓரம் நின்ற இஸ்திரிக்காரரிடம் போனது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இஸ்திரிக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், செயலாளர் மானம் அந்த மாடியிலேயே கப்பலேறியிருக்கும்.

"வேற எதை டீச்சர்?" என்றார் இஸ்திரிக்காரர். "உறையைக் குடுக்கும்போதே சொன்னாரே. 'என் வண்டிதான்டா, நானே கேக்கக் கூச்சமா இருக்கு, நீ கொண்டு போ'ன்னு."

மறுபடியும் கைதட்டல். செயலாளர் உட்கார்ந்து 'ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுத இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டார். பிறகு நோட்டைப் பார்த்தபடியே இஸ்திரிக்காரரிடம் பேசினார்.

"காலையில காரைத் தள்ளணும். நீங்களும் வந்து ஒரு கை குடுப்பீங்களா?"

பதினேழு வருஷத்தில் இஸ்திரிக்காரரை அவர் 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை.