ஊதாத் துணி போர்த்திய கண்காட்சி

1936 பங்குனியில் நான் புதுச்சேரிக்குப் போனது கடற்காற்று வாங்க இல்லை. சென்னையில் ஒரு மியூசியத்தில் காட்சிக்கூடம் அமைப்பவன் நான். எந்தச் சிலை எந்தச் சுவரோரம், எந்த உயரத்தில், எந்தப் பக்கத்து வெளிச்சத்தில் நிற்கவேண்டும் என்று பார்ப்பது வேலை. பார்ப்பது என்ன பார்ப்பது! மேலதிகாரி கை காட்டுகிற இடத்தில் பல வருஷமாக வைத்துக்கொண்டிருந்தேன். என் இஷ்டப்படி ஒரு கூடம்கூட அமைத்ததில்லை.

அப்போதுதான் புதுச்சேரியிலிருந்து அழைப்பு வந்தது. ஊர்ப் பெரியவர்கள் சிலர் கூடி, ஒரு பழைய வீட்டில் சிறிய கலைக்கூடம் தொடங்குகிறார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களில் இருக்கும் மரச் சுரூபங்களை, அதாவது மாதா, புனிதர்களின் சிலைகளை, இரவல் வாங்கி முதல் கண்காட்சி. அமைப்பு முழுக்க என் பொறுப்பு. மூன்று வாரம் லீவு கேட்டேன். "திறப்பு விழாவுக்கு நானே வந்து பார்க்கிறேன். நன்றாயிருந்தால் இங்கே கட்டி முடியப்போகிற புதுக் கூடம் உம்முடையதுதான்" என்றார் மேலதிகாரி. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் அதைச் சொல்ல ஆள் இல்லை. மனைவி காலமாகி ஆறு வருஷம். சமையற்கட்டில் நின்று ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், அசட்டுத்தனமாக இருந்தது.

போகிறவர்களுக்கு வழி சொல்லிவிடுகிறேன். எழும்பூரில் காலை வண்டி ஏறினால் விழுப்புரத்தில் மாறவேண்டும். அங்கிருந்து இருபத்து நாலு மைல். மாறுகிற இடத்தில் ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார நேரும், ஸ்டேஷன் இட்லியை மட்டும் தொடாதீர்கள். புதுச்சேரி எல்லையில் பிரெஞ்சுச் சுங்கக்காரர்கள் பெட்டியைக் கவிழ்ப்பார்கள். என் பெட்டியில் பல்புகளும் கம்பிச் சுருளும் கண்ணாடித் துண்டுகளும். "கடை வைக்கப் போறீங்களா சாமி?" என்றார் ஒருவர். சாமான்களை வெளிச்சத்தில் நிறுத்தும் உத்தியோகம் என்று சொன்னேன். "அதுக்கு ஒரு ஆளா!" என்று சிரித்துவிட்டுப் போகவிட்டார்.

ஸ்டேஷனிலிருந்து புஸ்வண்டி பிடியுங்கள், வேடிக்கையாக இருக்கும். வண்டிக்காரர் பின்னால் நின்று தள்ளுவார், முன்னால் உட்கார்ந்திருக்கும் நாம்தான் பிடியைத் திருப்பவேண்டும். "நல்லாக் குந்திக்குங்க. வாய்க்கால்ல மட்டும் உட்டுடாதீங்க" என்றார் என் வண்டிக்காரர். நெல்லித்தோப்புக்காரராம். கூலி இரண்டு பணம். அங்கே ஒரு ரூபாய்க்கு எட்டுப் பணம்.

கூடத்தைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. உயர்ந்த கூரை, கடல் பக்கம் ஜன்னல்கள், வெள்ளைச் சுவர். ஏழு சுரூபங்கள் கோணியும் மெத்தையுமாகச் சுற்றி வந்திறங்கின. பெரியது ஒரு மாதா, மூன்றடி உயரம், பழைய வண்ணம் அங்கங்கே உதிர்ந்தது. அதைக் கொடுத்தவர் மதலேன் அம்மாள். கணவர் சைகோனில் உத்தியோகம் பார்த்துக் காலமானவர், ஒரே மகள் அமேலி கல்யாணமாகி அங்கேயே இருக்கிறாள். நான் செய்த தீர்மானம் ஒன்றுதான். சிலைகளை உயரத்தில் ஏற்றக்கூடாது. நிற்கிற மனிதனின் முகத்துக்கு நேரே அவற்றின் முகம் வரவேண்டும். இதை நான் வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறேன், மியூசியத்தில் காது கொடுப்பாரில்லை.

திறப்பு விழா நாளைக் குறித்தது நானும் கலைக்கூடத்துச் செயலாளரான வக்கீலும். அவர் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார். நாள், நட்சத்திரம், ராகுகாலம் எல்லாம் பார்த்து ஒரு திங்கட்கிழமையை முடிவு செய்தோம். சுரூபம் கொடுத்த ஏழு வீட்டில் ஒரு வீட்டைக்கூடக் கேட்கவில்லை. அவர்களும் "நல்ல நாளுன்னா சரி" என்று இருந்துவிட்டார்கள்.

அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஏழு வீட்டாரும் சேர்ந்து வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் மடித்த ஊதாத் துணி. "நாளைக்குப் பாடுகளின் ஞாயிறு முசே. மூடிட்டுப் போறோம்" என்றார் மதலேன் அம்மாள். முசே என்றால் அந்த ஊரில் ஐயா. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏசுவின் பாடுகளை நினைக்கும் அந்த இரண்டு வாரமும் கோவிலில் எல்லாச் சுரூபங்களையும் ஊதாத் துணியால் மூடிவிடுவார்களாம், இவர்கள் வீட்டிலும் அப்படித்தானாம். பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தின பெரிய சனிக்கிழமை காலைப் பூசையில் மணி அடித்த பிறகுதான் திறப்பார்களாம்.

"திங்கட்கிழமை திறப்பு விழாம்மா!" என்றேன்.

"நாள் குறிச்சது நீங்கதானே. உங்களுக்குத் தெரியும்னு இருந்துட்டோம்."

விளக்கு இன்னும் போடவில்லை, கூடம் மங்கிக் கிடந்தது. அம்மாள் சிலைக்குப் பின்பக்கமாக நின்று துணியைத் தலைக்கு மேல் வீசி, அடியில் இழுத்து முடிச்சுப் போட்டார். "எங்க வீட்ல மேல உச்சியில இருப்பாங்க. இவ்ளோ கீழ வெச்சிருக்கீங்களே" என்று குறைப்பட்டார்.

திங்கட்கிழமை மதியம் மேலதிகாரி வந்தார். விருந்தினர் யாரும் இன்னும் வரவில்லை. விளக்குகளைப் போட்டேன். ஏழு ஊதா மூட்டைகள்மேல் அழகான வெளிச்சம் விழுந்தது.

"என்ன ஓய் இது, கூத்து?"

விஷயத்தைச் சொன்னேன்.

"சரி, இப்போது யார் இருக்கிறார்கள்? அவிழ்த்துக் காட்டும். நான் பார்த்ததும் மூடிவிடலாம்."

அவர் சொன்னதில் தப்பே தெரியவில்லை. மாதாவிடம் போய் முடிச்சில் கை வைத்தேன். புதுக் கூடம் என் கண்முன் நின்றது. அவிழ்ப்பது சுலபம், மறுபடி கட்டுவதும் சுலபம். ஆனால் அந்த அம்மாள் என்னை நம்பித்தான் மாதாவை விட்டுப் போயிருந்தார். "என்னால் ஆகாது சார். மன்னிக்கணும்" என்றேன். அவர் ஒன்றும் கத்தவில்லை. "உம் இஷ்டம்" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்கால வண்டிக்கே போய்விட்டார். விழாவுக்கு வந்தவர்கள் எலுமிச்சை சர்பத் குடித்தார்கள், மூட்டைகளைச் சுற்றி வந்தார்கள், கலைந்தார்கள்.

லீவு பாக்கி இருந்தது. திரும்பினால் காலி வீடு, இருந்தால் மூடின சிலைகள். இருந்தேன். கடற்கரைச் சாலையில் நடந்தேன். ஒரு நாள் மாட்டுவண்டியில் வடக்கே ஏறக்குறைய பத்து மைல் கனகசெட்டிக்குளம் வரை போய் வலை காய்வதைப் பார்த்துவிட்டு வந்தேன். வழியில் பிரெஞ்சு மண்ணும் பிரிட்டிஷ் மண்ணும் மாறி மாறி வரும், அதனால் பையில் சாமான் அதிகம் வேண்டாம். ஓட்டலில் சாப்பிடும்போது பரிமாறுபவரிடம் பேச்சுக் கொடுப்பேன். "சாம்பாரா ரசமா?" என்பதற்கு மேல் அவர் வரமாட்டார். பல நாட்களில் நான் பேசியது அவ்வளவுதான். அப்படி ஒரு தனிமையை நான் என் வீட்டில்கூட அனுபவித்ததில்லை.

பெரிய வியாழனிலிருந்து ஊரில் கோவில் மணி ஓய்ந்துவிட்டது. மணிக்குப் பதில் மரக்கட்டை தட்டும் சத்தம்தான். சனிக்கிழமை காலை எல்லா மணியும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. நான் ஓடிப்போய்க் கூடத்தைத் திறந்து விளக்குகளைப் போட்டேன். பூசை முடிந்து முதலில் வந்தவர் மதலேன் அம்மாள்.

பின்னால் போய் முடிச்சை அவிழ்த்துத் துணியை உருவினார். முன்பக்கம் வந்தார். வழக்கப்படி மண்டியிட ஒரு கையைப் பீடத்தில் ஊன்றினார். நிமிர்ந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயோ முசே," என்றார். "சின்னப் பொண்ணு இவ!"

நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

"முப்பது வருஷமா கீழ முட்டி போட்டுத்தான் பார்த்திருக்கேன். பெரிய ராணி, கோவக்காரின்னே நெனச்சேன். இங்க பாருங்க, எங்க அமேலி கப்பல் ஏறின வயசுதான் இருக்கும். தனியா நிக்கறா பாருங்க." கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அன்று அவர் மண்டியிடவே இல்லை. நின்றபடியே அழுதார். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை. போகும்போது, "நாளைக்குப் பாஸ்கா. வீட்ல நான் ஒருத்திதான். சாப்பிட வந்துடுங்க" என்றார். போனேன். ஆட்டுக்கறிக் குழம்பு. நிறையப் பேசினோம் என்று சொல்லமுடியாது.

கண்காட்சி ஆடி வரை இருக்கும். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் போங்கள், ஜன்னல் வெளிச்சம் அப்போதுதான் சரியாக விழும். கட்டணம் இல்லை. கும்பிடுகிறவர்கள் கும்பிடுங்கள், அதற்கு முன் ஒரு நிமிஷம் எதிரே நின்று பாருங்கள். கண்காட்சி வைக்கிறவர்கள், நாள் குறிக்கும் முன் சிலைக்குச் சொந்தக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னையில் புதுக் கூடத்தை வேறொருவர் அமைத்தார். சிலைகளெல்லாம் உயரமான பீடங்களில் நிற்கின்றன. கூட்டம் அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்கிறது. விளக்கைச் சரிபார்க்க ஏணியில் ஏறும்போது மட்டும் நான் அவற்றின் முகத்தைப் பார்க்கிறேன்.